மேசையில் படுத்திருப்பவரின் வலது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியையான என் அக்கா ஓய்வு பெறுகிறாள். விழா மலருக்கு, கதை எழுதும் தம்பியான நான் ‘நெகிழ்ச்சியாக ஒரு பக்கம்’ தர வேண்டுமாம். உட்கார்ந்தேன்.

‘அறிவுச் சுடரை ஏந்தி அவர்

(இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது.)

‘சிறு வயதிலிருந்தே எலும்புகளின் மீது

(பொய். கணக்கு வராததால்தான் மருத்துவம் படித்தாள்.)

2

சரி, உள்ளதையே சொல்கிறேன். உடல்கள் வரிசையாகக் கிடக்கும் கூடத்தில், ஃபார்மலின் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் புது மாணவர்களிடம் அக்கா முதலில் சொல்வது இதுதான்:

“வலது, இடதுன்னா உங்களோடது இல்ல. படுத்திருக்கறவங்களோடது. இத மறந்தா வேற எதையும் கத்துக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்க.”

குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று, அபூர்வமாகச் சிலருக்கு, வலப்பக்கத்தில் குறுக்குவழியில் போகும். கழுத்தில் அறுவை செய்பவர் அதை அறியாமல் வெட்டினால் குரல் போய்விடும். அதை எங்கே தேடுவது என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. பணிக்காலத்தில் பாதியை அதிலேயே கழித்து, கடைசியில் ஒரு படம் வரைந்தாள். எந்தப் பக்கம் என்று அதில் குறிக்கவில்லை. நம்மைப் பார்த்திருக்கும் கழுத்தின் வலது, நம் இடக்கைப் பக்கம்தான் வரும். அவள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோருக்கும் என்றா எழுதினேன்?

3

இப்போது கல்லூரியின் இயக்குநர் வருகிறார். திறப்பு விழாக்களில் மட்டுமே கத்தரியைத் தொடுவதால் மாணவர்கள் வைத்த பெயர் ரிப்பன். அக்காவின் படத்தைத் தன் கண்டுபிடிப்பாகத் தன் பாடப்புத்தகத்தில் போட்டுக்கொண்டார். முன்னுரையில் ‘படம் வரைந்து உதவிய அம்மையாருக்கு நன்றி’. அதுகூடப் போகட்டும். படத்துக்குக் கீழே ‘இடது’ என்று தானாகவே எழுதியும் வைத்தார். திருடியதை உருப்படியாகத் திருடவும் தெரியவில்லை.

[வில்லனுக்கும் ஒரு நல்ல குணம் கொடுக்க வேண்டும் என்பார்கள். தேடினேன். கையெழுத்து அழகாக இருக்கும். அடுத்தவர் எழுதியதற்குக் கீழே போட்டுப் போட்டுப் பழகிய கை.]

அக்கா அவர் அறைக்குப் போனாள். பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தை மட்டும் மாற்றி ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுங்கள் என்று கேட்டாள். ரிப்பன் சிரித்தாராம்.

“போற நேரத்துல எதுக்கும்மா மனக்கசப்பு? உங்க விழாவுலயே புத்தகத்தையும் வெளியிடறோம், முதல் பிரதிய நீங்கதான் வாங்கிக்கறீங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பேருக்காக நீ சண்டை போட மாட்டாயா என்று அவளிடமே கத்தினேன்.

“என் பேர் கெடக்குதுடா. இடதுன்னு படிச்சவன் வலது பக்கம் பயமில்லாம வெட்டுவான். யாரோ ஒருத்தர் கண்ணு முழிச்சு தண்ணி கேப்பாங்க. சத்தம் வராது.”

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. எழுதத் தொடங்கினேன்.

4

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். மேடையில் அக்கா புத்தகத்தைக் கிழித்துப் போடுகிறாள். (போட மாட்டாள். நூலகப் புத்தகத்துக்கும் அட்டை போடுகிறவள்.) ரிப்பன் மன்னிப்புக் கேட்கிறார். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.) பல ஆண்டுகள் கழித்து உண்மை வெளியே வருகிறது. அதுவரை எத்தனை கழுத்துகள்? அடித்துவிட்டேன்.

ஆனால் விழாவில் அந்தப் புத்தகத்தோடு சேர்த்து இந்த மலரையும் எல்லோர் கையிலும் கொடுக்கப்போகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் ரிப்பன் இதைப் படித்துவிடுவாரே என்று கவலைப்படாதீர்கள். படிக்கிற பழக்கம் அவருக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.

நெகிழ்ச்சி கேட்டவர்கள் மன்னிக்கவும். ரிப்பன் ஒட்ட மறுத்த அந்தத் திருத்தச் சீட்டு இதுதான். இந்தப் பக்கத்தைக் கிழித்து, புத்தகத்தில் இருக்கும் கழுத்துப் படத்தின் மேல் ஒட்டுங்கள். ஒட்டுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

முடிவு செய்யுமுன் உங்கள் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வலப்பக்கம். மேசையில் படுத்திருக்கும்போதும் அது உங்களுடைய வலதுதான்.