ஒத்திகைக் கேள்வி

குடியேற்றச் சட்டமும் இனமும் என்ற பாடத்தை மயாமியில் இருபத்தைந்து வருடமாக நடத்துகிறேன். இதனால் எனக்குக் கிடைத்த பலன், கல்லூரியில் இனம் என்ற சொல் அடிபடுகிற எல்லாக் குழுவிலும் என்னை இழுத்துப் போடுவதுதான். விளம்பரப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் என் முகம். கறுப்பாக இன்னொரு பேராசிரியர் வந்து சேரும்வரை எனக்கு விடிவில்லை.

அன்று காலை குடியேற்ற நீதிமன்ற வாசலில் நிற்கும்போதுகூட டீன் போன் செய்தார்.

"ஈவ்ரோஸ், பத்து மணிக்குப் போட்டோ எடுக்க வர்றாங்க. நீங்க இல்லாம நல்லாவா இருக்கும்?"

"இன்னிக்குக் கெத்லியோட வழக்கு. தோத்தா அவளை ஹைட்டிக்கே விமானம் ஏத்திடுவாங்க."

"அரை மணி நேரம்தானே ஆகும்?"

போனை வைத்துவிட்டேன்.

கெத்லி தையல்காரி. ஊரில் அவள் தம்பியை ஒரு ரவுடிக் கும்பல் சுட்டுக் கொன்றது. அடுத்தது நீதான் என்று கதவில் எழுதிவிட்டுப் போனது. இங்கே அடைக்கலம் கேட்கிறாள். அவளுக்காக வாதாடுவது என் மாணவி டெலனி. எங்கள் சட்ட உதவி மையத்தில் மாணவர்தான் வழக்கை நடத்த வேண்டும். பேராசிரியர் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இந்த விதியைப் போட்ட புண்ணியவதி நானேதான்.

விசாரணைக்கு முன்னால் ஒத்திகை வைப்போம். அதில் அரசு வக்கீல் வேஷம் எப்போதும் எனக்கு. கத்துவேன், மடக்குவேன், பொய்க்காரி என்பேன். போன வாரம் கெத்லியை அழ வைத்துவிட்டு, அப்புறம் பூசணி சூப் வாங்கிக் கொடுத்தேன்.

நிஜ அரசு வக்கீல் உள்ளே வந்ததும் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. ரெனே ஒலிவாரெஸ். என் வகுப்பில் முதலாவதாக வந்தவன். அவன் தாத்தா கியூபாவிலிருந்து படகில் வந்தார், என் அப்பா ஹைட்டியிலிருந்து படகில் வந்தார். அதே கடல், அதே கரை. அவன் தாத்தாவுக்குக் காபி கொடுத்தார்கள், கறுப்பரான என் அப்பாவுக்கு விலங்கு மாட்டினார்கள். இதைப் பற்றிப் பரீட்சையில் அப்படி உருகி எழுதியவன், இப்போது எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள்.

"வணக்கம் புரொபசர்" என்று பல்லைக் காட்டினான்.

டெலனி நன்றாகவே நடத்தினாள். பிறகு ரெனே எழுந்தான்.

"தம்பி செத்த பிறகும் மூணு வாரம் அதே வீட்டுல இருந்திருக்கீங்க. உயிருக்குப் பயந்தவங்க அன்னிக்கே ஓடியிருக்க மாட்டாங்களா?"

என் கேள்வி. ஒத்திகையில் நான் கேட்கிற அதே கேள்வி. அவன் படிக்கும்போது என் மையத்தில் கற்றுக்கொண்டது, வேறெங்கே!

கெத்லி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்து எங்கள் ஹைட்டி மொழியான கிரியோலில் பொரிந்து தள்ளினாள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் காதில் விழுந்த எதையும் விடக்கூடாது. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்:

"புரொபசரம்மா, இதைத்தான் வியாழக்கிழமையே கேட்டுட்டீங்களே! இவரைவிடச் சத்தமா வேற கேட்டீங்க."

டெலனி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒத்திகை பார்ப்பது குற்றமில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்த சாட்சி என்று நீதிபதிக்கு ஒருமுறை தோன்றிவிட்டால், அப்புறம் அவள் அழுதால்கூட நடிப்புதான்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"பயண ஏற்பாட்டுக்கு நாளாச்சுன்னு சொன்னேம்மா. டெலனிப் பொண்ணு அது போதும்னுச்சு. மத்ததெல்லாம் ரொம்ப நீளமாம்."

"நீளமாவே சொல்லுங்க."

"தம்பியப் பொதைக்காம எப்படிம்மா வர்றது? அவனுக்கு வெள்ளை உடுப்பு நான்தான் தைக்கணும். அவனுங்க தெருமுனையிலயே நிக்கிறானுங்க. மிஷின் சத்தம் கேட்டா நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுடும். கதவைச் சாத்திக்கிட்டுக் கையாலயே தைச்சேன். பயமில்லாம இருந்திருந்தா மிஷின்ல ஒரே நாள்ல முடிச்சிருப்பேனே!"

ரெனே உட்கார்ந்துவிட்டான். சாவுக் காரியத்துக்கு எங்கள் வீடுகளில் நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், நீதிமன்றத்துக்குப் புரியாது என்று டெலனி வெட்டியபோது சும்மா இருந்தேன். என்மேலேயே எரிச்சலாக வந்தது.

நீதிபதி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். அடைக்கலம் உண்டு. அடுத்து, மேல்முறையீட்டை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அரசுத் தரப்பைக் கேட்டார். விட்டுக்கொடுத்தால் வழக்கு இன்றே முடிந்தது. இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் மனுப் போடலாம். போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும்.

ரெனே என்னைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான்.

"மேல்முறையீட்டு உரிமையைத் தக்க வெச்சுக்கறோம்."

தாழ்வாரத்தில் என் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மேலிடத்து உத்தரவு புரொபசர், நான் என்ன பண்ண? அப்புறம்... ஒரு உதவி. டாம்பாவுல ஒரு கல்லூரியில உங்க பாடம் நடத்த ஆள் எடுக்கறாங்க. நீங்க ஒரு சிபாரிசுக் கடிதம் குடுத்தா..."

ஓங்கி அறையலாம் போலிருந்தது.

"மேல்முறையீட்டுக் கெடு முடியட்டும்ப்பா. மறுநாள் வா."

"மிரட்டறீங்களா புரொபசர்?"

"யோசிச்சு எழுத எனக்கும் ஒரு மாசம் ஆகும்."

முகத்தில் ஈயாடாமல் போனான்.

கெத்லி டெலனியைக் கட்டிக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நின்றாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த போனை நீட்டினாள்.

"அம்மா லைன்ல இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்களே சொல்லுங்க, ஜெயிச்சுட்டோம்னு."

"ஜெயிச்சாச்சு" என்றேன். மறுமுனையில் கிழவி போட்ட கூச்சலில் காது அடைத்தது. அடுத்து நான் சொல்ல வேண்டியது, 'ஆனால் ஒரு மாசத்துக்குள்ள அவங்க மேல்முறையீடு போடலாம்' என்பது. அந்த ஆனாலைத்தான் இருபத்தைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். கெத்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு மெல்ல நின்றது.