பிச்சை நட்ட காளி

பிச்சை இருபது வருடம் காட்டில் பாலாக், அதாவது பலகைக்கு மரம் அறுத்தவர். எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பாடாங் மேஹா குன்றடியில், அவர் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செங்கால் மரத்தை வெட்டினால் நேரே அவர் கூரைமேல்தான் விழும்.

அந்தக் குன்றில் அது ஒன்றுதான் மிச்சம். முதலில் தங்கம் தேடி வந்தவர்கள் ஓடை மண்ணை அலசி அலசி, குன்றைச் சல்லடையாக்கிவிட்டுப் போனார்கள். கிடைத்தது ஒரு மூக்குத்திக்குக் காணுமா என்பதே சந்தேகம். அப்புறம் பலகைக்காரர்கள் வந்து மொட்டையடித்தார்கள். பிச்சையும் அந்தக் கூட்டம்தான், யோக்கியர் ஒன்றும் இல்லை. செங்காலைச் சுற்றி மூன்று பக்கமும் தங்கக் குழி, நின்று அறுக்க இடமில்லை, அதனால் தப்பியது.

இப்போதுதான் இயந்திரம் இருக்கிறதே. மரம் வெட்டும் குத்தகைக்காரர் நடராஜா வந்து நின்றார்.

"வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. நாளைக்கு வெட்டிருவோம்லா."

பிச்சை மறுநாள் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றினார், குழியோரம் கிடந்த கல்லைக் கழுவிக் காளியாக நட்டார், குங்குமத்தை அப்பினார். மஞ்சள் துணி கட்டிய மரத்தில் எவனும் ரம்பம் வைக்கமாட்டான். அவரே வைத்ததில்லை.

வந்த ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கினார்கள். நடராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையோடு கல்லிடம் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டார். பிச்சை சும்மா இருந்திருக்கலாம். காளி சொன்னதாக, வாயில் வந்த நம்பரை எடுத்துவிட்டார். பாழாய்ப்போன நம்பர் ஞாயிற்றுக்கிழமை அடித்துத் தொலைத்தது.

திங்களன்று நடராஜா மாலையும் அளவுநாடாவுமாக வந்துவிட்டார்.

"ஆத்தாவுக்குப் பெரிய கோயிலாக் கட்டிருவோம்ணே. நிலம் நம்ம முதலாளியோடதுதானே. உங்க வீடு இருக்கிற இடத்துல மண்டபம்."

காளி பொய் என்றால் மரம் கூரையில் விழும். மெய் என்றால் கூரையே இருக்காது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததே என்று பிச்சை திருதிருவென விழித்தார்.

அப்போது அவர் மனைவி அழகம்மா கூந்தலை அவிழ்த்துப்போட்டு, அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் உறுமினாள்.

"டேய் நடராஜா, என் மரத்தையும் தொடாத. இந்த வீட்டையும் தொடாத. எனக்குக் கூரையும் வேணாம், மண்டபமும் வேணாம்."

நடராஜா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அட என் ராசாத்தி என்று பிச்சைக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஆத்தா பிச்சையின் பக்கம் திரும்பினாள்.

"நீ இனிமே பீர் கடைப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது. வீட்டுத் துணியெல்லாம் நீதான் துவைக்கணும். சத்தியம் பண்ணு."

நடராஜா எழுந்து, பயபக்தியோடு சூடத்தைக் கொளுத்தி நீட்டினார்.

"பண்ணுங்கண்ணே. ஆத்தாவே கேக்குறாள்ல."

பிச்சை சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தார்.