பாலவாடிக்குப் பின்வாசல்

முத்தாள் கல்லை டயர் வளையத்துக்குள் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்கினாள். கல் நாலாகப் பிளந்தது. தெறித்த சில்லு ஒன்று பக்கத்தில் நின்றிருந்த செவந்தியின் சேலைக் கொசுவத்தில் வந்து விழுந்தது.

"தள்ளி நில்லுங்க டீச்சரம்மா. கண்ணுல பட்டுச்சுன்னா போச்சு."

செவந்தி தள்ளி நிற்கவில்லை. முத்தாளுக்குப் பின்னால் ஓலைத்தட்டியின் நிழலில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நாலு வயது அழகி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கைக்குழந்தைத் தம்பி தூங்கினான். சுத்தியல் விழும்போதெல்லாம் அழகி குனிந்து தம்பியின் முகத்தைத் தன் தலையால் மறைத்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே, மூச்சு விடுவதுபோல அதைச் செய்தாள். புருவத்துக்கு மேலே அவளுக்கு ஒரு காயம், ஆறியும் ஆறாமலும் இருந்தது.

"இவள அனுப்பி வையி முத்தாளு. நான் பாத்துக்கிறேன்."

"அவ வந்துட்டா இவன யாரு பாக்குறது?"

"அவனையும் சேத்தே அனுப்பு."

"பாலுக்கு அழுவானே, என்ன செய்வீங்க?"

முத்தாள் அடுத்த கல்லை வளையத்துக்குள் வைத்தாள். தூரத்தில் மேஸ்திரி கருப்பன் திரும்பிப் பார்ப்பது தெரிந்ததும் செவந்தி குவாரியைவிட்டு மேலே ஏறினாள்.

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊருக்குப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பாலவாடியும் வந்தது அந்த வருஷம்தான். ஓடு போட்ட ஒரே அறை. செவந்தி ஆறுமாதப் பயிற்சி முடித்து, அதற்கு டீச்சராக வந்திருந்தாள். வயல்காடு உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்து, சட்டை போட்டு, கையில் பிடித்துக்கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். குவாரிப் பிள்ளைகள்தான் ஒன்றுகூட வரவில்லை. ரோடு போடுவதற்கு ஜல்லி உடைக்கிற அந்தக் குவாரியில் பிள்ளைக்காரிகள்தான் அதிகம்.

பாலுக்கு அழுவானே என்று முத்தாள் கேட்டது அவளை விடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பயிற்சிக்குப் போனபோது அவளுடைய மகளும் கைக்குழந்தை. இலுப்பூரில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பாடம் நடக்கும்போதே மார் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும். எழுந்து போக முடியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கொல்லைப்புறத்துக்குப் போய் பாலைப் பீய்ச்சி மண்ணில் விடும்போது அழுகை வரும். அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பாடம் கேட்பாள்.

சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு அவள் கட்டடத்தைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் ரோட்டைப் பார்த்த பொட்டல். பத்து மணிக்கே கால் வைக்க முடியாத சூடு. பின்பக்கம் முள்ளும் சரளையுமாகக் கிடந்தது. ஆனாலும் இரண்டு வேம்பு நின்றது. அதற்கு அப்பால் நிலம் சரிந்து இறங்கி, நேராகக் குவாரியில் போய் முடிந்தது. இங்கே நின்று கூப்பிட்டால் அங்கே கேட்கும். முத்தாளின் ஓலைத்தட்டிகூடத் தெரிந்தது.

செவந்தி ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தாள். வேம்புக்கு அடியில் மணல்குழி. இந்தக் கிளையில் ஊஞ்சல், அந்தக் கிளையில் கைக்குழந்தைகளுக்குத் தூளி. சுற்றிலும் இடுப்புக்கு மேல் உயரமாகக் கல் சுவர். குவாரியைப் பார்த்த பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாசல். அந்த வாசலைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுவாரம் ப்ளாக் ஆபீஸிலிருந்து விரிவாக்க அதிகாரி ரெங்கராஜ் ஜீப்பில் வந்தார். மெட்ராஸிலிருந்து வந்த வரைபடத்தை மேசைமேல் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார். மோசமான மனிதர் இல்லை. வேலை முடிந்தது என்று மேலே எழுதிப் போட்டுவிட்டால் போதும் அவருக்கு.

"இதாம்மா விளையாட்டு மைதானம். முன்னாடி ரெண்டு பக்கமும் பூச்செடி. நடுவுல இரும்பு ஊஞ்சல், சறுக்குமரம். சாமான் எல்லாம் திருச்சியிலேர்ந்து வருது. தை மாசம் திறப்பு விழா."

"முன்னாடி நெழலே இல்லீங்க சார். பின்னாடி போட்டுக்கலாம்."

"பின்னாடியா? ரோட்டுல போறவங்க கண்ணுல படணும்மா. பின்னாடி போட்டா யாரு பாப்பாங்க?"

"குவாரிப் புள்ளைகளோட ஆத்தாமாரு பாப்பாங்க சார். குவாரியிலேர்ந்து பாத்தா தெரியும்."

ரெங்கராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"குவாரிப் புள்ளைகன்னா கைக்குழந்தையும் வரும். அதெல்லாம் சேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"நான் சேக்கலீங்க சார். அக்காக்காரி தூக்கிட்டு வாரா. எறக்கி வெளிய விட்டுட்டு வான்னு நான் எப்படிச் சொல்றது?"

"சாமான் முன்பக்கத்துக்குத்தான் சாங்ஷன். பின்பக்கத்துக்கு ஒரு ஆணிகூடத் தர முடியாது."

"ஒண்ணும் வேணாங்க சார். செய்யாதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். செய்யாதே என்று சொல்லவில்லை.

குவாரிக்குச் சந்தை நாளில்தான் லீவு. அன்றைக்குக் காலையில், செவந்தி சொல்லியனுப்பியதைக் கேட்டு, முத்தாளின் புருஷன் ஆண்டியப்பன் கடப்பாரையோடு வந்தான். பாறை பிளக்கிறவன். அவனோடு குவாரி ஆட்கள் ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். முள்ளை வெட்டி எரித்தார்கள். மணல்குழிக்குத் தோண்டிய மண்ணை ஒரு பக்கமாகக் குவித்து மேடாக்கினார்கள். ஓடையிலிருந்து பெண்கள் கூடை கூடையாக மணல் சுமந்தார்கள். எவனோ ஊஞ்சலுக்கென்று ஒரு தேய்ந்த லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தான்.

குவாரியில் விரிசல் விட்டதால் கழித்துப் போட்ட ஒரு பலகைக்கல் கிடந்தது. அதை உருளைக்கட்டை வைத்து மேட்டுக்கு இழுத்துவந்து சாய்வாகப் பதித்தார்கள். ஆண்டியப்பன் இரண்டு சந்தை நாள் உட்கார்ந்து உளியால் கொத்தி, மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கினான்.

"ரொம்பச் சரிவா இருக்கோ?" என்றாள் செவந்தி.

"ஏறி உக்காந்து பாத்துருங்க டீச்சரம்மா. கீழ விழுந்தா மணல்தானே?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறி, கல்லில் உட்கார்ந்தாள். கையை விட்டதும் சர்ரென்று வந்து மணலில் குப்புற விழுந்தாள். எல்லோரும் பதறி, அவள் தலையை நிமிர்த்தியதும் சிரித்தார்கள். வாயில் புகுந்த மணலைத் துப்பிவிட்டு அவளும் சிரித்தாள்.

"சரிவு ஆகாது. புள்ளைக பறந்துருவாக. தலமாட்ட எறக்கிப் போடுங்க."

ஆண்டியப்பன் மறுபேச்சில்லாமல் கடப்பாரையைக் கையில் எடுத்தான். சுவரும் அப்படித்தான் எழுந்தது. உதிரிக்கல்லை அடுக்கி, வாசலுக்கு மட்டும் இடம் விட்டார்கள்.

சுவர் முடிந்த மறுநாள் அழகி தம்பியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசல் வழியாகத்தான் வந்தாள். அவள் பின்னால் குவாரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அழகி தம்பியைத் தூளியில் விட்டாள். இறக்கி விட்டபிறகு என்ன செய்வதென்று தெரியாமல், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தபடியே நின்றாள். செவந்தியோடு பாலவாடிக்கு வரும் அவள் மகள் வந்து அழகியின் கையைப் பிடித்துச் சறுக்குக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் அழகியின் பாவாடையின் பின்பக்கம் தேய்ந்து வெளுத்துவிட்டது.

தம்பி அழுதால் முத்தாளுக்குக் கேட்கும். சுத்தியலைப் போட்டுவிட்டு மேடேறி வந்து, வேம்படியில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு இறங்கிப் போவாள். மற்றப் பிள்ளைக்காரிகளும் அப்படி வந்து போனார்கள். அதனால் ஜல்லிக் குவியல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒரு நாள் குவாரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த திருப்பதி வந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. வாசலுக்கு வெளியே நின்று சறுக்குக்கல்லைப் பார்த்தார்.

"நல்லா பண்ணிருக்கீங்க டீச்சர். ஊருக்கு நல்லது. இந்த வாசல மட்டும் அடைச்சுருங்க."

"ஏங்க?"

"நாள்கூலி குடுக்குறது கல்லு ஒடைக்க. இன்னைக்கி ஒருத்தி பாலு குடுக்கப் போவா. நாளைக்கி பத்துப் பேரு நெழலுக்கு ஒதுங்குவாளுக. பொழுது சாயறதுக்குள்ள லாரி நெம்பணும்ல?"

"எந்த லாரியாச்சும் நெம்பாமப் போயிருக்குங்களா?"

"போற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"இது பள்ளிக்கூடத்துச் செவுரு. நான் அடைக்கமாட்டேங்க."

திருப்பதிக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்.

"சரி, ஒங்க செவுரு. செவுரு வரைக்கும் என் குத்தகை. என் எடத்தவிட்டு எவ கால எடுத்து வெளிய வச்சாலும் அரைநாள் கூலி கிடையாது. மறுக்கா வச்சா வேலையே கிடையாது. நீங்களும் குவாரிக்குள்ள வராதீங்க, வெடி வைக்கிற எடம்."

அன்றைக்கே முத்தாளுக்கு அரைநாள் போயிற்று. மறுநாள் தம்பி அழுதபோது அவள் வரவில்லை. செவந்தி அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள். சர்க்கரைத் தண்ணீரைச் சங்கில் புகட்டிப் பார்த்தாள், துப்பினான். அழுகை குவாரிக்குக் கேட்டிருக்கும். கீழே முத்தாளின் சுத்தியல் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. மற்றவர்களுடையதைவிட வேகமாக விழுந்தது.

பொழுது சாய்ந்து பிள்ளைகளை எடுக்க வந்தபோது முத்தாளின் ரவிக்கை முன்பக்கம் நனைந்து, அதில் கல்தூசி அப்பிச் சேறாகியிருந்தது. அவள் மகனை வாங்கிக்கொண்டு, "நாளைக்கி இவள அனுப்பலீங்க டீச்சரம்மா" என்றாள். அழகி சறுக்குக்கல்லைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தம்பிக்காக இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இரு முத்தாளு" என்றாள் செவந்தி. "செவுரு வரைக்கும் அவரு குத்தகைன்னாரே. அப்ப செவுரு ஓரத்துல ஒக்காந்து ஒடைச்சா, அவரு எடத்துலதான இருக்கீங்க?"

முத்தாள் சரிவைப் பார்த்தாள். "கல்லு கீழல்ல கெடக்கு? மேல சொமந்துட்டு வரணும். ஒடைச்ச ஜல்லியத் திரும்ப லாரிக்குக் கீழ சொமக்கணும்."

"ஆமா."

"வேல ரெட்டிப்பாகும்."

"ஆகும். ஒன்னால முடியாதுன்னா வேணாம்."

தம்பி முத்தாளின் முந்தானைக்குள் தலையை நுழைத்து, மூச்சு வாங்கக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மத்தவளுககிட்டயும் சொல்றேன்" என்றாள்.

விடிந்தபோது சுவரோரம் நெடுக ஓலைத்தட்டிகள் முளைத்திருந்தன. பெண்கள் தலையில் கல்லைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி வந்தார்கள். மேஸ்திரி கருப்பன் ஓடி வந்து பார்த்தான், திருப்பதியிடம் போய்ச் சொன்னான், திரும்பி வந்தான். லாரி நேரத்துக்கு நிரம்ப வேண்டும், காலை வெளியே வைக்கக் கூடாது. அவ்வளவுதான் உத்தரவு.

சுத்தியல் விழ ஆரம்பித்ததும்தான் செவந்திக்கு உறைத்தது. சில்லு வாசல் வழியாகத் தெறித்து மணல்குழியில் விழுந்தது. ஆண்டியப்பனைக் கூப்பிட்டனுப்பக்கூட அவள் நிற்கவில்லை. தானே கல்லைத் தூக்கி அடுக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து முத்தாளும் எடுத்துக் கொடுத்தாள். இருவருமாக, விட்டிருந்த வாசலை அடைத்து முடித்தார்கள். அன்றிலிருந்து குவாரிப் பிள்ளைகள் முன்பக்கமாகச் சுற்றி வந்தார்கள்.

தை மாதம் திறப்பு விழா நடந்தது. முன்பக்கம் சிவப்பும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்த இரும்பு ஊஞ்சல் நின்றது. தொட்டால் சுட்டது. தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் நாடாவை வெட்டினார்கள். சட்டை போட்ட பிள்ளைகளை ஊஞ்சலில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். திருப்பதிக்கு ஒரு மாலை போட்டார்கள். நாட்டின் வருங்காலம் குழந்தைகள் கையில் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்திலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. ரெங்கராஜ் செவந்தியைப் பார்த்தார். அவள் எழுந்து, கூட்டத்தின் நடுவே நடந்து பின்பக்கம் போனாள்.

தூளியிலிருந்து தம்பியை எடுத்துச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் முத்தாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஒரு கல்லை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, சுவரில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு முந்தானையை விலக்கினாள். குழந்தையின் கனத்தை இந்தப் பக்கம் செவந்தி தாங்கிக்கொண்டாள். அவன் வாய் வைத்ததும் அழுகை நின்றது.

குவாரிப் பக்கம் நின்ற மேஸ்திரி கருப்பன் இரண்டு எட்டு முன்னால் வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முன்பக்கம் கை தட்டினார்கள். அவன் திரும்பவில்லை. எல்லைக்குள்ளே கல்லின்மேல் ஊன்றியிருந்த முத்தாளின் இரண்டு பாதங்களையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.