மா வரிசையில் பதினொரு சொற்கள்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் பதினாறு குழந்தைகள் ஒரு மாதுளம்பழப் படத்தைப் பார்த்து, "ஏட்டி ஹெலன்" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஜ்யோத்ஸ்னா நின்றிருந்தார். தமிழ்ச் சொற்களின் உச்சரிப்பைத் திரட்டி இணையத்தில் எல்லோருக்கும் பொதுவில் வைக்கும் ஒரு கட்டற்ற அகராதிக் குழு, தன்னைப் பற்றி மூன்று நிமிடக் காணொளி ஒன்றை எடுத்துத் தரும்படி அவரிடம் கேட்டிருந்தது. அந்த அகராதியின் ஒலிகளை வைத்து வேறொரு நிறுவனம் செய்த செயலியில்தான் இந்தக் குழந்தைகள் வீட்டில் தமிழ் பழகினார்கள். படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும். கேட்டபடி திரும்பச் சொல்ல வேண்டும்.

வகுப்பு நடத்தும் ராஜலக்ஷ்மி அட்டையை மறுபடி உயர்த்திக் காட்டினார்.

"என்னடா இது? இது மாதுளை. யாரு அந்த ஹெலன்? மாதவ், உன் வேலையா?"

"நோ மேம், பிராமிஸ். ஆப்ல அந்த அங்கிள் அப்படித்தான் சொல்றார்."

"மாதவ் கீ கேர்ள்ஃப்ரெண்ட்!" என்றது பின்வரிசை. கூடம் சிரித்தது.

அடுத்த அட்டை மாம்பழம். "ஹெலன், கதவத் தொற" என்றார்கள். அதற்கடுத்தது மாலை. "தண்ணி" என்றார்கள். அதைச் சொல்லும்போது பதினாறு பேரும் தொண்டையை இறுக்கிக்கொண்டு, பாதிச் சொல்லில் மூச்சை விட்டார்கள்.

ராஜலக்ஷ்மி அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார்.

ஜ்யோத்ஸ்னாவுக்கு அந்த இழுப்பு தெரியும். மூன்று வாரமாக அவருடைய கணினியில் இருந்த குரல் அது. ஏசுதாஸ், மணப்பாட்டுக்காரர், தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். டெல்லியில் நர்ஸாக இருக்கும் மகளோடு மோதி பாக் குவார்ட்டர்ஸில் தங்கி, இரண்டு ஆண்டுகளில் பதினோராயிரம் சொற்களை அகராதிக்குப் பேசிக் கொடுத்தவர். முந்தைய நவம்பரில் இறந்துபோனார். காணொளிக்குக் குரல் அவருடையதுதான். தனித்தனிச் சொற்களை வெட்டி ஒட்டி, அவர் ஒருநாளும் பேசாத வாக்கியங்களை ஜ்யோத்ஸ்னா பேசவைத்திருந்தார். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. அந்தக் குரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். பேசியவரின் பெயரையும், மூல ஒலிகள் இருக்கும் பக்கத்தின் இணைப்பையும் கொடுத்தால் போதும்.

மகள் ஹெலனிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்டிருந்தார்கள்.

"அப்பா பேரு கடைசில பெருசா வரணும்" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார். "அம்மா ஊர்ல இருந்துக்கிட்டு அதப் பாப்பாவ. அப்பா ஒரு நிமிசத்துல போயிட்டாவ, ஒரு கஷ்டமும் படல. டாக்டரே சொன்னாரு. அம்மா அதப் பிடிச்சுக்கிட்டுதான் உயிரோட இருக்காவ. நானுந்தான்."

அன்று மதியம் கோல் மார்க்கெட்டில் குழுவின் மாடி அறையில், ஒருங்கிணைப்பாளர் பிரதீப்புடன் உட்கார்ந்து ஜ்யோத்ஸ்னா ஏசுதாஸின் பக்கத்தைத் திறந்தார்.

"இதெல்லாம் யாரும் கேட்டுப் பாக்கலையா சார்?"

"நூத்துக்கு ஒண்ணு எடுத்துக் கேப்போம். அவரோடத அதுவும் கேக்க மாட்டோம். தப்பே வராத மனுஷன்."

பதிவு செய்யும் மென்பொருள் எளிமையானது. திரையில் ஒரு சொல் வரும். பேச வேண்டும். குரல் நின்றதும் அதுவரை கேட்டதை வெட்டி, அந்தச் சொல்லின் பெயரில் சேமித்து, அடுத்த சொல்லைக் காட்டும். ஒவ்வொன்றையும் கையால் ஏற்றுவது சிரமம் என்று ஏசுதாஸ் எல்லாம் தானாகவே இணையத்துக்குப் போகும்படி வைத்திருந்தார். தலையில் மாட்டிய மைக்கோடு பேசுவார்.

நவம்பர் 6, புதன்கிழமை. மாடம், மாடி வரை சரியாக இருந்தன. 'மாடு' என்ற கோப்பில் நாற்காலி சாயும் சத்தமும் "அம்மா" என்ற குரலும் இருந்தன. நேரம் 10.52. அதிலிருந்து பதினொரு கோப்புகள். இரண்டு நிமிட இடைவெளியில் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. ஒவ்வொரு முறையும் திரை அடுத்த சொல்லைக் காட்டிக் காத்திருந்திருக்கிறது. கடைசிக் கோப்பு 'மான்'. மதியம் 3.41. அதில் வலி இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற சாதாரணக் குரல்: "வந்துட்டியா. உக்காரு."

பிரதீப் ஜன்னலை மூடிவிட்டு வந்தார்.

"பேர் மட்டும் போடுவோம். லிங்க் வேண்டாம்" என்றார் ஜ்யோத்ஸ்னா. "லிங்க் இருந்தா ஹெலன் கண்டிப்பா அழுத்துவாங்க."

"ஊருக்கெல்லாம் நாம சொல்ற ரூல். நம்ம வீடியோலயே அத விட்டா எப்படி?"

"அப்ப அந்த ஃபைல்ஸ அழிச்சிடுங்க."

"ஒரு வாரம் விவாதத்துக்கு வச்சு அழிக்கலாம், இங்க. ஆனா ஆப்காரங்ககிட்ட காப்பி இருக்கு, இன்னும் மூணு சைட்ல இருக்கு. போன இடமெல்லாம் அவர் பேரும் கூடவே போயிருக்கும். நாமதான போடச் சொன்னோம்."

செவ்வாய்க்கிழமை டூட்டி முடிந்து ஹெலன் நேராக வந்தார். உட்காரச் சொன்னதற்கு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, நின்னே பாக்கேன்" என்றார். வகுப்புக் காட்சி இல்லாத காணொளியை ஓட்டினார்கள். முடிவில் 'குரல்: ஏசுதாஸ், மணப்பாடு' என்று வந்தது. கீழே இணைப்பு.

"நல்லா இருக்கு" என்றார் ஹெலன். "இது எங்க போகும்?"

 கேட்டபடியே அவர் மவுஸை எடுத்து இணைப்பை அழுத்தினார். அந்தப் பக்கத்தில் கடைசியாகப் பதிந்தது முதலில் இருக்கும்.

"வந்துட்டியா. உக்காரு" என்றது குரல்.

ஹெலன் உட்கார்ந்தார்.

பதினொன்றையும் மேலிருந்து கீழாகக் கேட்டார். காலம் பின்னோக்கிப் போகப் போக அந்தக் குரலுக்கு வலு கூடிக்கொண்டே வந்தது. நாற்காலி சாய்ந்த கோப்புக்கு அடுத்து 'மாடி' என்ற சொல் தெளிவாக, திருத்தமாக ஒலித்தது. அதில் நிறுத்தினார்.

"நாலு மணி நாப்பத்தொம்பது நிமிசம்" என்றார். வார்டில் நேரம் குறிக்கிற குரல் அது. பிறகு, "நான் வந்தது நாலரைக்கு. பூட்டு பூட்டினபடி இருந்துச்சு, நாந்தான் தொறந்தேன். மூணு நாப்பத்தொண்ணுக்கு யாருகிட்ட உக்காருன்னு சொன்னாவ?"

பிரதீப் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். ஹெலன் அதைத் தொடவில்லை.

"அம்மா தெனமும் அப்பா பேர செல்லுல தட்டித் தேடுவாவ. அவங்க கண்ணுல இது படுமா?"

"படலாம்" என்றார் பிரதீப். "ஃபைல்ஸ இங்க எடுத்துடலாம். வெளில போனதத் திரும்ப வாங்க முடியாது, உரிமம் குடுத்தா குடுத்ததுதான். ஆனா பேர எடுக்கச் சொல்லிக் கேக்கலாம் சிஸ்டர். வாரிசு கேட்டா எல்லாரும் எடுத்தாகணும்."

"அப்ப குரல் இருக்கும். யாருன்னு தெரியாது."

"ஆமா. ஆனா அந்தப் பதினொண்ணுல மட்டும்னு எடுக்க வராது. ஒரே கணக்கு. பதினோராயிரத்துலயும் போயிடும். ரெண்டு வருஷ உழைப்பு. வீடியோலயும்தான்."

ஹெலன் திரையில் இருந்த பெயரைச் சற்று நேரம் பார்த்தார்.

"எடுத்துருங்க" என்றார்.

அவர் கையெழுத்திட்ட கோரிக்கை பிப்ரவரி 20 அன்று ஏற்கப்பட்டது. பதினொரு கோப்புகளும் மார்ச் முதல் வாரத்தில் அகராதியிலிருந்து நீக்கப்பட்டன. செயலி நிறுவனம் பெயரை உடனே எடுத்தது. ஒலிகளை அடுத்த பதிப்பில் மாற்றுவதாகப் பதில் எழுதியது. மார்ச் 30 அன்று காணொளி வெளியானது. இறுதியில் 'குரல்: வேண்டுகோளின்படி பெயர் நீக்கப்பட்டது' என்று இருந்தது.

மணப்பாட்டில் அதைப் பார்த்த ஹெலனின் அம்மா சூசையம்மாள், அப்பா பெயர் ஏன் வரவில்லை என்று மகளிடம் போனில் கேட்டார். அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று ஹெலன் சொன்னார்.