நூல் வராத கதிர்கள்

கரண்ட் வந்ததும் மோட்டார் உறுமியது. அண்ணி மண்வெட்டியோடு மடையில் நின்றாள். போர் தண்ணீர் முதலில் சேறாக இருமிக்கொண்டு வந்தது. பிறகு தெளிந்து, கட்டைவிரல் தடிமனுக்கு ஒழுகியது. போன வருசம் இதே குழாய்க்குக் கீழே வைத்த வாளி நிற்காமல் உருண்டு ஓடும்.

கொழுந்தன் வரப்பில் வந்து நின்றான். இருவர் நிலத்துக்கும் நடுவில் அந்த ஒரு வரப்புதான். போரும் ஒன்றுதான், முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். மக்காச்சோளத்தை அவள் முன்னால் விதைத்துவிட்டாள். டிராக்டர் கிடைக்காமல் அவன் பிந்திவிட்டான்.

"அண்ணி, இன்னிக்கு மடையை என் பக்கம் திருப்புங்க."

"போன முறையும் உனக்குத்தானே விட்டேன்? வயிறா அது, கிணறா?"

விட்டுக்கொடுத்தது உண்மை. மதியம் இலை சுருண்டாலும் சாயங்காலம் விரிந்துவிட்டால் பயிர் தாங்கும் என்பது அவள் கணக்கு. முழங்கால் உயரப் பயிரில் அது பலித்திருக்கிறது. அதே கணக்கைப் பூக்கிற பயிருக்கும் போட்டாள். சாயங்காலம் இலை விரிந்தது, தண்ணீரை அவனுக்கு விட்டாள். அந்த ஒரு முறை தவறியதில் கதிர் உள்ளேயே நின்றுபோனது.

"கோவிச்சுக்காதீங்க. உங்க பயிர்ல பூ கொட்டிடுச்சு, கதிர் நுனியில பட்டு நூல் வரலை. இனிமே நூல் வந்தாலும் அதுல விழுற பூத்தூளுக்கு எங்க போவீங்க? மணி பிடிக்காது. நீங்க மாட்டுத் தட்டைக்குத்தான் தண்ணி காட்டுறீங்க."

"உன்னுது மட்டும்?"

"இப்பத்தான் கொண்டைப் பூ விரியுது. நூலும் எட்டிப் பாக்குது. இன்னிக்கு நனைஞ்சா பொழைக்கும். இல்லன்னா ரெண்டு வீடும் சூளைக்குப் போக வேண்டியதுதான்."

சூளை என்ற சொல்லை அவன் வேண்டுமென்றேதான் எடுத்தான். லாரி ஓட்டும் அவள் புருசன் வண்டி ஏறினால் எப்போது இறங்குவான் என்று அந்தப் புருசனுக்கே தெரியாது. போன வறட்சியில் அவள் செங்கல் சூளையில் மண் மிதித்தாள். கால் விரலிடுக்கு வெடித்து, நடந்த இடமெல்லாம் ரத்தம் ஒட்டியது. இந்தக் கதிர் பிடிக்காவிட்டால் திரும்பவும் அந்தக் குழிதான். அறுப்பு முடிந்ததும் சூளை மேஸ்திரி ஆள் கேட்டு வருவான்.

அவள் தன் பயிருக்குள் நுழைந்தாள். காய்ந்த இலைகள் கையைக் கீறின. ஒரு கொண்டைப் பூவை வளைத்து உள்ளங்கையில் தட்டினாள். ஒரு பொட்டுத் தூள் விழவில்லை. ஒரு கதிரின் மேல்தோலை உரித்தாள். நூல் உள்ளே வெளிறிச் சுருண்டு கிடந்தது. நடு வயலில் இன்னொன்றை உரித்தாள். அங்கே நூலே கருகியிருந்தது.

வரப்போரம் வந்து உரித்தாள். அங்கே கொஞ்சம் ஈரம் ஊறியிருக்க வேண்டும். நூல் நுனிவரை ஏறி, வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது.

"தண்ணி வீணாப் போகுது, சீக்கிரம் சொல்லுங்க," என்றான் கொழுந்தன். சொல்லிக்கொண்டே மடையில் கால் வைத்தான்.

"காலை எடு. முறை என்னுது."

அவன் எடுக்கவில்லை. மண்வெட்டியை அவன் கால் பெருவிரலை உரசுகிற மாதிரி ஊன்றினாள். எடுத்தான்.

"வரப்போரப் பாத்திகளுக்கு மட்டும் நான் பாய்ச்சிக்கிறேன். மீதி வயலை மாட்டுக்கு வெட்டிடுறேன். அப்புறம் தண்ணி முழுக்க உனக்கு. ஆனா ஒண்ணு. என் நூல் வெளிய வந்ததும் உன் பூத்தூளை நீதான் கொண்டாந்து உதறணும். தினம் காலையில, வெயில் ஏறுறதுக்குள்ள."

"கல்யாணத் தரகர் வேலையா பாக்கச் சொல்றீங்க?"

"ஆமா. கமிஷன் கேக்காத."

அவன் சிரிக்கவில்லை. குழாயையே பார்த்தான். "உங்க பாத்தி நனையறதுக்குள்ள போர் நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும். போன முறை நான் இதைக் கேட்டேனா?"

அவன் வரப்பில் குந்திக்கொண்டான். வெடித்த மண் தண்ணீரை இருந்த இடத்திலேயே குடித்தது, முன்னேற விடவில்லை. வெடிப்புகளை அவள் காலால் மிதித்து அடைத்துக்கொண்டே முன்னால் போனாள். கடைசிப் பாத்தி பாதி நனைந்ததும் நிறுத்தினாள். முழுதும் நனையட்டும் என்று கை கெஞ்சியது. மடையை அவன் பக்கம் வெட்டிவிட்டாள்.

அவன் வயல் நனைந்துகொண்டே போனது. கடைக்கோடி உழவுச் சாலுக்கு முன்னால் குழாய் காற்றாக ஊதியது. மோட்டார் கருகிவிடும் என்று அவன் ஓடிப்போய் அணைத்தான். திரும்பி வந்து, நனையாத சால்களைப் பார்த்து நின்றான். அவளும் பார்த்தாள். அவள் எடுத்துக்கொண்ட தண்ணீர் அந்தச் சால்களுக்குச் சரியாகப் போயிருக்கும்.

நூல் வெளியே வந்தது. அவன் சொன்னபடி வந்தான். தன் கொண்டைப் பூக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் உதறி, மஞ்சள் தூளை அவள் கதிர்களின் மேல் தட்டிக்கொண்டே போனான். முனகிக்கொண்டுதான் செய்தான், ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் எதிர்ப்பக்கம் நின்று பயனற்ற தட்டையை வெட்டி அடுக்கினாள்.

முற்றிய கதிரை முதலில் உரித்தது அவள்தான். பாதிக்குமேல் மணி, நுனி மொட்டை. அடுத்ததும் அப்படித்தான். வீட்டுக்குத் தாங்கும்.

அவன் தன் கடைக்கோடிக் கதிர் ஒன்றை உரித்து, வெறும் சக்கையைக் கீழே போட்டான். அடுத்ததை உரிக்கவில்லை.

"உன் பங்குல பாதியாவது வருமா?" என்றாள்.

"நடுவுல வருது. ஓரம் போச்சு. பத்தாது." கையைத் தட்டிக்கொண்டான். "மேஸ்திரி வந்தா இந்த வருசம் ஒரு ஆள்தான்னு சொல்லிடுங்க அண்ணி."

"தம்பி, அந்தத் தண்ணிய நான்..."

"நீங்க ஏற்கனவே சூளை மண்ணை மிதிச்சாச்சு," என்றான். "என் கால் இன்னும் புதுசு."