ஈர்க்கைத் தாண்டிய நுரை

சத்திதான், யாரோ எடுத்த வாந்திதான், வேறென்ன, இந்த மஞ்சளில் இப்படி நுரைத்துக்கொண்டு புல்லின்மேல் வேறு எது வந்து கிடக்கப்போகிறது... புனிதம் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் குனிந்தாள். ஒரு கை அகலம் இருக்கும், இரவு மழையில் நனைந்த அறுகம்புல்லைப் பிடித்துக்கொண்டு பொங்கிப்போய்க் கிடந்தது. நாயாக இருக்கட்டும், மாதாவே, நாய் எடுத்த சத்தியாக இருக்கட்டும்... ஆனால் இருக்க இடம் தந்த வளவுக்கார அப்புத்துரை அண்ணையின் நாய் மாரிமழை தொடங்கினதிலிருந்து மாட்டுக்கொட்டிலை விட்டு அசைந்ததில்லை, சாப்பாட்டுக்குக்கூட எழும்பாத பெரிய மனிதர் அது, சத்தி எடுக்கவென்று கிணற்றடி வரைக்கும் நடந்து வருமா? அப்படியென்றால் யார்? விடிவதற்குமுன் தாங்கள் படுக்கிற ஓலைக்கொட்டிலின் தட்டியை நகர்த்திக்கொண்டு வெளியே போனது மகள் டிலுசா, "எங்கையடி?" என்று கேட்டதற்கு "முகம் கழுவ" என்றாள், சோதனைக்குப் படிக்கிற பிள்ளை நித்திரை முறிக்கப் போகிறாள் என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தாயே புனிதம், முகம் கழுவ அவ்வளவு நேரமா? கிணற்றில் வாளி விழுந்த சத்தம் கேட்டதா? கேட்டதுபோலவும் இருக்கிறது, கேட்காததுபோலவும் இருக்கிறது.

நாகேஸ்வரியும் இதைப்போலத்தான் மஞ்சளாக எடுத்தாள். பக்கத்து வளவுக்காரி, சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். வயிற்றுக்குள் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், கொத்தமல்லி அவித்துக் குடிக்கக் கொடுத்தார்கள், காலையில் உடம்பு குளிர்ந்து கிடந்தது, பின்னேரம் காய்ச்சல் கொதித்தது, அடுத்தநாள் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர்கூட வைத்தாள். பிறகு மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது தன் புருசனையே யாரென்று கேட்டாளாம், அதே பெட்டியில்தான் திரும்பியும் வந்தாள், முகத்தை மூடி. எப்படி மறப்பது? இன்றைக்கு இதை நினைக்காதே, இன்றைக்கு டிலுசாவுக்குக் கணக்குச் சோதனை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓடிவந்தபோது கொண்டுவந்தது இரண்டே இரண்டு உரப்பை, ஒன்றில் சட்டி பானை, மற்றதில் மகளுடைய கொப்பிகள், "சட்டியை விட்டாலும் கொப்பியை விடாதே" என்று புருசன் யாக்கோப்புதான் கட்டிக் கொடுத்தார். அவர் இப்போதும் அங்கேதான், களப்பில் வலை போட்டுக்கொண்டு, கிடைத்ததை ஆள்மூலம் அனுப்பிக்கொண்டு. மகள் ஓ.எல். சோதனை எழுதிவிட்டாள் என்று ஒரு சொல் அவருக்குப் போகவேண்டும். அதுமட்டுமா? சோதனை எழுதாமல் வீட்டில் நிற்கிற குமர்ப்பிள்ளையை இந்த நாட்களில் இயக்கத்துக்குத் தா என்று யார் யார் வந்து கேட்பார்கள் என்று தெரியாதா, படிக்கிற பிள்ளை என்று சொல்ல வாயில் ஒரு சொல் இருக்கவேண்டும். அப்படியானால் இது சத்தியாக இருக்கக்கூடாது. இருக்கவே கூடாது.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி நுரையைக் குத்தினாள். ஈர்க்கின் நுனியில் கூழ்போல ஒட்டிக்கொண்டது, நூலாக இழுபட்டது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள், ஆண்டாண்டாகக் கருவாடு காயப்போட்ட மூக்கு, கெட்ட மீனை ஓலைக்கு அடியில் ஒளித்து வைத்தாலும் பிடித்துவிடும். புளித்த நாற்றம் இல்லை. மழையில் ஊறின மரக்கட்டை மணம், காளான் மணம்... ஆனால் மழை பெய்ததே, நாற்றத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்காதா? மூக்கு இல்லை என்கிறது, நெஞ்சு ஓம் என்கிறது, நெஞ்சுக்கு என்ன தெரியும், அது இடம்பெயர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்கிறது.

"என்ன புனிதம், குந்தியிருந்து ஆராய்ச்சி நடக்குது?"

வளவுக்கார இரஞ்சிதம் அக்கா. திடுக்கிட்டதில் கையிலிருந்த ஈர்க்கு நழுவி நுரையின் ஓரத்தோடு ஒட்டி விழுந்தது. "உதென்னக்கா உது?" என்றாள் புனிதம், குரல் சாதாரணமாக வரவேண்டுமே. இரஞ்சிதம் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தா. "நாய்ச் சத்தி. எங்கட மனுசனைக் கேட்டால் குண்டு போடுற கிபிர் பிளேன் தூவிப்போட்டுப் போன மருந்தெண்டுவார், அவருக்கு மாடு பால் குறைஞ்சாலும் கிபிர்தான்." சொல்லிவிட்டுத் திரும்பினவா, "பிள்ளைக்குச் சுகம்தானே?" என்று கேட்டா. ஏன் கேட்டா? நாய் எடுத்தது என்று சொன்னவா எதற்குப் பிள்ளையைக் கேட்கவேண்டும்? "சுகம்தான் அக்கா, சோதினைக்கு வெளிக்கிடுறாள்" என்று புனிதம் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், பாதித் தண்ணீர் காலில் கொட்டிப்போனது.

டிலுசா குசினி வாசலில் இருந்து சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாம். விடியற்காலையில் சத்தி எடுத்தாயா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஓம் என்று சொல்லிவிட்டால்? சொன்னபிறகு எப்படிப் போகவிடுவது, விடாமல் எப்படி இருப்பது... கேட்காதவரைக்கும் அது நாய்ச் சத்தி. "சாப்பிடு" என்று புட்டை வைத்தாள். "சோதினை நாளில எனக்கு இறங்காதெண்டு தெரியும்தானே" என்றாள் மகள். உண்மைதான், எட்டாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். பிளேன்ரீயை இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தாள். கண் சிவந்திருக்கிறதா? விளக்கில் படித்தால் சிவக்காதா? எழும்பி நின்றபோது புனிதம் பெருவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தாள். எந்தத் தாயும் செய்கிறதுதான், ஆனால் இன்றைக்கு அந்த விரல் ஆசீர்வாதத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் பார்க்கப் போனது, மாதா மன்னிக்கட்டும். நெற்றி குளிர்ந்திருந்தது. நாகேஸ்வரிக்கும் காலையில் குளிர்ந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்திருக்க விரல் ஆசைப்பட்டது, மகள் தலையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு சைக்கிளைத் துடைக்கப் போனாள்.

இன்னொருமுறை பார்த்தால் என்ன? சட்டி கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போனாள். முதலில் ஈர்க்கைத்தான் தேடினாள், காணவில்லை. காற்றும் இல்லை, கோழியும் வரவில்லை, எங்கே போனது? குனிந்து பார்த்தால் நுரைக்குள் கிடந்தது. ஓரத்தோடு விழுந்த ஈர்க்கை மஞ்சள் மூடிக்கொண்டு அந்தப்பக்கம் இறங்கியிருந்தது, விரல்களைப்போலப் பிரிந்து கிணற்றுக்கட்டின் கல்லில் ஏறவும் தொடங்கியிருந்தது. ஏறுகிறது! சத்தி மேலே ஏறுமா? எந்த நாயின் சத்தி, எந்த மனிதரின் சத்தி கல்லில் ஏறும்? இது முளைக்கிறது, மழைக்கு முளைக்கிற ஏதோ ஒரு பூஞ்சணம், காளானுக்கு ஒன்றுவிட்ட தம்பி... சனியனே, நீதானா என்னை இவ்வளவு நேரமும் உயிரோடு தின்றாய்? புனிதத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது, சட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

டிலுசா சைக்கிளில் ஏறிவிட்டாள். வேலிப் படலை வரைக்கும் சேறு, தினமும் பின்னால் கரியரைப் பிடித்துப் புனிதம்தான் தள்ளிவிடவேண்டும், கண்டி வீதிக்கு ஏறிவிட்டால் பிறகு தானாக ஓடும். கரியரில் கையை வைத்தாள். சந்தோசத்தை வாய்க்குள் வைத்திருக்க முடியவில்லை.

"எடி, கிணத்தடிப் புல்லில மஞ்சளாய் ஒரு நுரை முளைச்சிருக்கு, நீ சத்தி எடுத்ததாக்குமெண்டு விடியத் தொடக்கம் நான் செத்துப்போனன்."

"கிணத்தடியிலயோ?" மகள் திரும்பாமலே சொன்னாள், மனம் கணக்கில் இருந்திருக்கவேண்டும். "நான் வேலிக்கரையிலயெல்லோ எடுத்தனான்... மண்ணும் போட்டு மூடினனான்..."

மூக்கு சொன்னது சரி, ஈர்க்கு சொன்னது சரி, நுரையைப் பற்றி எல்லாம் சரி, நுரையிடம் எத்தனை கேள்வி கேட்டாய் புனிதம், வாய் உள்ள பிள்ளையிடம் ஒன்றாவது கேட்டாயா? மகளின் முதுகைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்குள் தோள் இரண்டும் மெல்ல நடுங்கின. குளிரா, காய்ச்சலா, பயமா?

"இண்டைக்கு மட்டும் அம்மா. எழுதிப்போட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போவம், இரத்தம் குத்திப் பாப்பம். அப்பாட்டைச் சொல்லாதைங்கோ. தள்ளுங்கோ, மணியாகுது."

ஓம் என்று தலையாட்டினாள், தள்ளத்தான் நினைத்தாள். டிலுசா மிதித்தாள், மறுபடியும் எழும்பி நின்று மிதித்தாள், பின்சில்லு சேற்றில் சுற்றியதே தவிர சைக்கிள் நகரவில்லை. இன்றைக்குச் சேறு அதிகமா என்று குனிந்து பார்த்தபோதுதான் புனிதத்துக்குத் தெரிந்தது, கரியரில் இருந்த தன் கைகள் தள்ளவில்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.