கஞ்சி தின்னும் பொடி

கோயமுத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தெய்வாத்தாளின் முழங்காலில் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்க வேண்டிய குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. அதைக் கொஞ்சங்கொஞ்சமாய்த் தின்பது என்சைம் என்றார். பக்கத்தில் நின்ற மகள் சாரதாமணிக்கு அதற்குமேல் அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. பதினாறு வயதில் அவள் வேலை பார்க்கும் சோமனூர் பிளீச்சிங் பட்டறையில் ஒரு பொடிக்கு அதுதான் பெயர். தறியிலிருந்து வரும் துணி கஞ்சியின் விறைப்போடு பலகையாய் நிற்கும். சுடுதண்ணீர்த் தொட்டியில் அந்தப் பொடியைக் கரைத்துச் சாயங்காலம் ஊறப்போட்டால், விடிந்து பார்க்கும்போது தொளதொளவென்று குழைந்து கிடக்கும். விறகு மிச்சமாகட்டும் என்று, நாலு மாதமாய் அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் தூக்குப்போசியில் மொண்டுவந்து அம்மாவின் முட்டியில் ஊற்றி நீவிவிட்டாள். துணி குழைந்தது போலவே அம்மாவின் கால் குழைவது பஸ்ஸில் வழியெல்லாம் கண்ணில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தெய்வாத்தாள் சுவரோரம் காலை நீட்டினாள்.

“ஏங்கண்ணு, பட்டறைக்குப் போய் அந்தச் சுடுதண்ணி கொண்டாறியா? அதொன்னுதான் எதமா இருக்குது.”

சாரதாமணி உடைந்து அழுதாள். “அது பொடி போட்ட தண்ணிம்மா. டாக்டர் சொன்னாரே, அதே என்சைம். நாந்தான் ஊத்தி ஊத்தி உன்ற முட்டியத் திங்க உட்டுட்டேன்.”

தெய்வாத்தாள் விழித்தாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அடி கிறுக்கி! எட்டு வருசம் அந்தத் தொட்டிக்குள்ள எறங்கித் துணி மிதிச்சவ நானு. வாசம் தெரியாதா எனக்கு? அது கஞ்சியத்தான் திங்கும், நூலக்கூடத் தொடாது. என்ற முட்டிக்குக் கஞ்சியா போட்டு வெச்சிருக்குது?”

“அப்ப டாக்டர் சொன்னது?”

“அது வேறயாமா. ஒடம்புலயே ஊறுறது. நீதான் பேயறைஞ்சாப்பல நின்னுட்டியே, எங்க கேட்ட?”

சாரதாமணிக்கு மூச்சு வந்தது. ஆனாலும் பாரம் முழுசாய் இறங்கவில்லை. “நான் ஊத்தறதுக்கு முன்னாலயே இப்படி இருந்துச்சா?”

“உன்னைய வயித்துல வெச்சிருந்தப்பவே கரகரங்கும்” என்றாள் தெய்வாத்தாள். மகள் அழுகையை நிறுத்துவதற்காக எதையும் சொல்லக்கூடியவள்தான் அவள்.

சாரதாமணி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வாத்தாள் அவள் கையை இழுத்துத் தன் முட்டியின்மேல் வைத்துக்கொண்டு காலை மெல்ல மடக்கினாள். உள்ளங்கைக்கடியில் ஈர மணலை மிதித்தது போல நறநறவென்றது. கால் அசைவது நின்ற பிறகும் சாரதாமணி கையை எடுக்கவில்லை.